மின்சார பைக்கின் போட்டி புல்லட்டோடு அல்ல
(ஓசூரில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓசூரில் வந்து மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. டிவிஎஸ் 50 இந்த ஊரிலிருந்துதான் 1980-ல் வெளியே வந்தது. ஏத்தர் ஸ்கூட்டர் இங்கேதான் தயாராகிறது. கொஞ்ச தூரம் போனால் போச்சம்பள்ளியில் ஓலாவின் ஆலை. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலருடைய வீட்டில் ஒருவராவது வண்டித் தொழிலில் இருப்பார். ஆகவே விளம்பரத் தாளில் அச்சடித்திருப்பதை நான் இங்கே வாசித்துக் காட்டப்போவதில்லை. அந்தத் தாள் சொல்லாமல் விடுவதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஸ்கூட்டரை இன்று ஒதுக்கிவிடுகிறேன். அந்த வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சார இருசக்கர வண்டிகள் விற்றன. விற்ற இருசக்கர வண்டிகளில் நூற்றுக்குச் சுமார் 6. அந்த ஆறும் கிட்டத்தட்ட முழுக்க ஸ்கூட்டர்தான். ஆனால் இந்த நாட்டில் ஸ்கூட்டரைவிட அதிகம் விற்பது மோட்டார் சைக்கிள். அங்கே மின்சாரம் இன்னும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மோட்டார் ஒன்றுதான், பேட்டரி ஒன்றுதான், பிறகு ஏன் இப்படி? சாதாரணமாக நம்மிடம் கிடைக்கும் பதில், "பைக் ஓட்டுகிறவனுக்குச் சத்தம் வேணும், கெத்து வேணும்" என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிறவர் கெத்துக்காக வண்டி வாங்கவில்லை.

முதலில் ஓட்டத்தைப் பார்ப்போம். சிக்னலில் நிற்கிறீர்கள். உங்களிடம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதன் இன்ஜின் தன் முழு இழுவையை, அதாவது 27 நியூட்டன் மீட்டரை, நிமிஷத்துக்கு 4,000 சுற்றில்தான் கொடுக்கும். நிற்கும்போது அது ஆயிரத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறுவதற்கு கிளட்சை நழுவவிட வேண்டும், முதல் கியர், இரண்டாவது கியர் என்று போக வேண்டும். மின்மோட்டாருக்கு இந்தத் தயாரிப்பு எதுவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே, சுற்றவே ஆரம்பிக்காத நிலையிலேயே, முழு இழுவை தயாராக இருக்கும். பெங்களூருவில் தயாராகும் அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2 பைக்கின் உயர்ந்த வகை 40 குதிரைத்திறன், 100 நியூட்டன் மீட்டர் என்கிறது. உச்ச வேகம் 155 கிலோமீட்டர். எடை 207 கிலோ. கிளாசிக்கைவிட பத்துப் பன்னிரண்டு கிலோதான் கூடுதல், குதிரைத்திறனோ இரண்டு மடங்கு. சிக்னல் பச்சையானதும் யார் முன்னே போவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "நூறுக்கு இருபத்தேழு" என்று இழுவையை இப்படி நேருக்கு நேர் ஒப்பிடுவது ஒரு வியாபாரத் தந்திரம். பெட்ரோல் பைக்கின் கியர் பெட்டி, இன்ஜினின் இழுவையை முதல் கியரில் பல மடங்கு பெருக்கித்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. மின்சார பைக்குகளில் பெரும்பாலும் ஒரே ஒரு நிலையான விகிதம்தான். ஆகவே சக்கரத்தில் வந்து சேரும் வித்தியாசம் தாளில் தெரிவதைவிடக் குறைவு. வித்தியாசம் உண்டு, நாலு மடங்கு இல்லை.

அதைவிட முக்கியமான விஷயம், நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் தெரியும். இடது கைக்கு வேலையே கிடையாது. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி அணையாது. மே மாத மத்தியானத்தில் காலுக்கு நடுவே அடுப்பு எரியாது. பிக்கப்பைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தச் சுகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நகரத்தில் ஓட்டுகிறவருக்கு இதுதான் உண்மையான திறன். இந்தப் பகுதியில் மின்சாரம் ஜெயித்துவிட்டது. மறுக்க ஒன்றுமில்லை.

இப்போது ஊரைத் தாண்டுவோம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மான் தீவு என்று ஒரு சின்னத் தீவு. நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே பொதுச்சாலையிலேயே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. மலைப்பாதையில் ஒரு சுற்று சுமார் 60.7 கிலோமீட்டர். 2010-ல் அங்கே மின்சார பைக்குகளுக்கென்று டிடி ஜீரோ என்ற தனிப் பந்தயம் தொடங்கினார்கள். முதல் வருஷம் வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 96 மைல் சொச்சம். 2012-ல் மைக்கேல் ரட்டர் நூறு மைலைத் தாண்டினார். அதே ரட்டர் 2019-ல் ஜப்பானின் முகென் நிறுவனத்து வண்டியில் 121.9 மைல் சராசரியில் சுற்றை முடித்தார். நம் கணக்கில் மணிக்கு 196 கிலோமீட்டர். வளைவும் ஏற்றமுமான பாதையில் இது சராசரி என்பதை மறந்துவிடாதீர்கள். பெட்ரோல் பைக்கின் சாதனை பீட்டர் ஹிக்மேன் 2023-ல் ஓட்டிய 136.3 மைல். ஒன்பது வருஷத்தில் 25 மைல் முன்னேறிய ஒரு தொழில்நுட்பத்துக்கு அந்த இடைவெளி பெரிதல்ல என்று தோன்றும்.

ஆனால் டிடி ஜீரோ பந்தயம் எத்தனை சுற்று தெரியுமா? ஒன்றே ஒன்று. பெட்ரோல் பைக்குகள் அதே பாதையை, நடுவில் நின்று டேங்கை நிரப்பிக்கொண்டு, முக்கியப் பந்தயங்களில் ஆறு சுற்று ஓடுவது வழக்கம். மின்சார வண்டியால் அந்த வேகத்தில் இரண்டாவது சுற்று போக முடியாது. 2019-க்குப் பிறகு அந்தப் பந்தயமும் நடக்கவில்லை. உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மின்சாரப் பிரிவான மோட்டோஇ 2019-ல் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தோடு அதையும் நிறுத்தி வைப்பதாக அறிவித்துவிட்டார்கள்.

மோட்டோஇ-க்கு 2023 முதல் வண்டி கொடுத்தது இத்தாலியின் டுகாட்டி. 225 கிலோ எடையுள்ள அந்த வண்டியில் பேட்டரி மட்டும் 110 கிலோ. அதில் அடங்குவது 18 யூனிட் மின்சாரம். நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் வரும் வெப்பம் சுமார் 9 யூனிட். அப்படியானால் 110 கிலோ பேட்டரியில் இருப்பது இரண்டு லிட்டர் பெட்ரோலின் ஆற்றல். இரண்டு லிட்டர் பெட்ரோலின் எடை ஒன்றரைக் கிலோ. இது மட்டும்தான் கதை என்றால் மின்சார பைக்கை மூட்டை கட்டி வைத்துவிடலாம். அதைக் காப்பாற்றுவது இன்னொரு கணக்கு. பெட்ரோல் இன்ஜின் தனக்குக் கிடைக்கும் வெப்பத்தில் முக்கால் பங்கைச் சைலன்சரிலும் பிளாக்கிலும் வீணாக வெளியே தள்ளுகிறது. மின்மோட்டாரோ 85, 90 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால் அந்த இரண்டு லிட்டர், ஆறேழு லிட்டர் மாதிரி வேலை செய்யும்.

இந்த ஒரு கணக்கிலிருந்துதான், ஷோரூமில் யாரும் வாயைத் திறக்காத ஒரு விசித்திரம் பிறக்கிறது. பெட்ரோல் பைக் ஊருக்குள் மைலேஜ் குறைவாகவும் நெடுஞ்சாலையில் சீராக 60-ல் போனால் அதிகமாகவும் கொடுக்கும். மின்சார பைக் நேர் எதிர். ஊருக்குள் நிற்கும்போது அது எதையும் எரிப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் காற்று எதிர்க்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50-லிருந்து 80-க்குப் போனால் காற்றோடு மோதுகிற செலவு இரண்டரை மடங்கு. பெட்ரோல் பைக்கும் அதே காற்றில்தான் போகிறது. ஆனால் மெதுவாகப் போகும்போதே நிறைய வீணடிக்கிற இன்ஜின் என்பதால், வேகம் கூடும்போது அதன் மைலேஜ் அந்த அளவுக்குச் சரிவதில்லை. வீணடிக்காத மோட்டாரில்தான் காற்றின் விலை அப்பட்டமாகத் தெரிகிறது. ஊருக்குள் 120 கிலோமீட்டர் ஓடுகிற 4 யூனிட் பேட்டரி, 80-ல் பிடித்தால் ஏறக்குறைய பாதி தூரத்தில் கையை விரித்துவிடும்.

நமக்குப் பழக்கமான சாலையில் பார்க்கலாம். ஓசூரிலிருந்து சேலம் 160 கிலோமீட்டர் சொச்சம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய். 4 யூனிட் பைக் இரண்டு இடத்தில் நின்று சார்ஜ் ஏற்றித்தான் போகும். 10.3 யூனிட் பேட்டரி உள்ள எஃப்77 கூட 80-ல் விடாமல் போனால் சேலத்தை எட்டிப் பிடிக்கும். கையில் மிச்சம் இருக்காது. போகும்போது இறக்கம், அது உதவி செய்யும். ஓசூர் சேலத்தைவிடச் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திரும்பி வரும்போது வண்டியையும் இரண்டு ஆட்களையும் அந்த 600 மீட்டர் தூக்கிக்கொண்டு வருவதற்கு மட்டும் தனியாக அரை யூனிட்டுக்கு மேல் ஆகும். நாலு யூனிட்டில் அரை யூனிட் சின்ன விஷயம் இல்லை. ஹீரோ ஸ்ப்ளெண்டரோ 9.8 லிட்டர் டேங்கை ஒருமுறை நிரப்பினால் போய் வந்து, மறுபடியும் போய்ச் சேர்ந்தாலும் மிச்சம் வைத்திருக்கும்.

ஸ்ப்ளெண்டர் என்று சொல்லிவிட்டேன். இன்றைய பேச்சின் மையமே அதுதான். மின்சார பைக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எப்போதும் அதை புல்லட்டோடும் கேடிஎம்மோடும் மோதவிடுகிறார்கள். படம் நன்றாக வரும், அதற்காக. உண்மையான எதிராளி 97 சிசி, 8 குதிரைத்திறன், 112 கிலோ எடையில் நிற்கிற அந்தச் சாது வண்டி. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் ஒரு பொருளை விலையில் தோற்கடிப்பது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், கணக்கு எளிது. ஸ்ப்ளெண்டருக்குக் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 67 காசு. மின்சார பைக்குக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 45 வாட் மணி. அதாவது ஒரு யூனிட்டில் 22 கிலோமீட்டர். யூனிட் 7 ரூபாய் என்றால் 32 காசு. ஆயில் மாற்றுவது, பிளக், ஃபில்டர், கிளட்ச் என்று பராமரிப்பில் இருபது காசு மிச்சம். மொத்தத்தில் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் லாபம். அதே தரத்தில் மின்சார பைக் வாங்க 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்றால், 20,000 கிலோமீட்டரில் அது திரும்பி வரும். தினம் 25 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல். கொரியர், உணவு டெலிவரி என்று தினம் 80 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒரு வருஷம்கூட ஆகாது.

புல்லட் ரகமான கிளாசிக் பக்கமும் ஒரு கணக்கு. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 86 காசு. எஃப்77-க்கு மாறினால் மிச்சம் இரண்டரை ரூபாய் வரும். ஆனால் எஃப்77-ன் விலை 3 லட்சத்தை ஒட்டித் தொடங்குகிறது. கிளாசிக்கைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். 45,000 கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏற்காடு, வால்பாறை என்று வருஷத்துக்கு 5,000 ஓட்டுகிறவருக்கு ஒன்பது வருஷம். அவர் பணத்தை மிச்சம் பிடிக்க வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்ல வேண்டாம். பிடித்திருக்கிறது, வாங்குகிறேன் என்று சொல்லட்டும். அதில் தப்பே இல்லை.

விலை விஷயத்தில் அரசாங்கமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இப்போது நிமிர்ந்து வருகிறது. 2021 ஜூனில் மத்திய அரசின் மானியம் பேட்டரியின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 15,000 ரூபாய். 2023 ஜூனில் 10,000. 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 5,000, மறு ஆண்டில் 2,500. மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பெட்ரோல் பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மின்வண்டிக்கு அதே 5 சதவீதம்தான். 23 புள்ளியாக இருந்த வித்தியாசம் 13 ஆகிவிட்டது. ஸ்ப்ளெண்டருக்கு இன்னும் பலம் கூடிவிட்டது. எனவே சாலை வரிச் சலுகை, மானியம் என்று கடைக்காரர் எதைச் சொன்னாலும், வாங்குகிற தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு, ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

மதிப்பு என்பது வாங்குவதோடு முடிவதில்லை, விற்கும்போதும் இருக்கிறது. பழைய ஸ்ப்ளெண்டரை வாங்க வருகிறவர் கிக்கரை ஒரு மிதி மிதித்து, சத்தத்தைக் கேட்டு, சைலன்சர் புகையைப் பார்த்து விலை சொல்லிவிடுவார். பழைய மின்சார பைக்கின் பேட்டரிக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. தெரியாத பொருளுக்கு யாரும் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள். 8 வருஷம் அல்லது 80,000 கிலோமீட்டர் என்று பேட்டரிக்கு உத்தரவாதம் தருகிற நிறுவனங்கள் உண்டு. அந்த உத்தரவாதம் இரண்டாவது கைக்கு மாறினால் செல்லுமா, எத்தனை சதவீதம் குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்ற இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். உத்தரவாதம் முடிந்த பிறகு 3 யூனிட் பேட்டரியே அரை லட்சத்தைத் தாண்டும்.

பாகலூர் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். பெட்ரோல் வண்டி தெருமுனையில் வரும்போதே டாப்பெட் சத்தமா, டைமிங் செயின் சத்தமா என்று சொல்லிவிடுவார். மின்சார வண்டியை அவரிடம் கொண்டுபோனால் பஞ்சர் போடுவார், பிரேக் ஷூ மாற்றுவார், அவ்வளவுதான். மற்றதற்கு நிறுவனத்தின் லேப்டாப்பைச் செருகினால்தான் வண்டி வாயைத் திறக்கும். கெடுவதற்குப் பாகங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் கன்ட்ரோலர் போர்டு போய்விட்டால், அது வருகிற வரைக்கும் வண்டி சும்மா நிற்கும். அந்த நாட்களுக்கான ஆட்டோ செலவு எந்த விளம்பரக் கணக்கிலும் வராது.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் எனக்கே சங்கடமான ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. ஸ்ப்ளெண்டருக்குக் கிலோமீட்டருக்கு 38 கிராம். இந்தியாவின் மின்தொகுப்பில் நிலக்கரிதான் இன்னும் பெரியது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. 45 வாட் மணிக்கு 32 கிராம். அவ்வளவுதான் வித்தியாசம். சிக்னலில் நிற்கும் குழந்தையின் மூக்கில் புகை போகாது என்பது பெரிய லாபம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. முப்பந்தல் காற்றாலைகளும் கூரைச் சூரியத் தகடுகளும் பெருகப் பெருக அந்த 32 கிராம் குறையும், ஸ்ப்ளெண்டரின் 38 குறையாது. ஆனால் இன்றைக்கே பூமியைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்ட வேண்டாம்.

கடைசியாக, யாரும் ஒப்பிட மறக்கிற இடம்: இரவில் வண்டி நிற்கிற இடம். என் கணக்கில் மின்சார பைக்கால் அதிக லாபம் அடையக்கூடியவர் தினம் 80 கிலோமீட்டர் ஓட்டுகிற டெலிவரி இளைஞர். அவர் எங்கே குடியிருக்கிறார்? மூன்றாவது மாடியில், நாலு பேர் பங்கு போட்ட வாடகை அறையில். வண்டி தெருவில். அங்கே பிளக் இல்லை. சொந்த வீடும் கார் நிறுத்துமிடமும் பிளக்கும் உள்ளவரோ பைக்கில் தினம் பத்துக் கிலோமீட்டர்கூடப் போவதில்லை. லாபம் ஒருவரிடம், வசதி இன்னொருவரிடம். மோட்டார் சைக்கிளில் மின்சாரம் தேங்கி நிற்பதற்கு ஸ்ப்ளெண்டருக்கு அடுத்த காரணம் இது.

பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் சார்ஜ் போடுகிற வண்டிகளும் உண்டு. அது எல்லோருக்கும் ஆகாது, எடையில் கை வலிக்கும். போர்வைக்குப் பக்கத்தில், படுக்கை அறையில் சார்ஜ் போடவே போடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. இன்றைய வண்டிகள் மேலானவை. இருந்தாலும் காற்றோட்டமான கீழ்த்தளமே சார்ஜுக்கு உரிய இடம்.

மின்கட்டணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாத பில்லில் 90 யூனிட் ஏறும். இதுவரை 430 யூனிட்டில் இருந்த வீடு 500-ஐத் தாண்டும். தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. பழைய யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையிலும் கை வைத்துவிடும். வாங்குவதற்கு முன்னால் வீட்டு மின் அட்டையைப் புரட்டிப் பாருங்கள்.

இங்கே வந்திருப்பவர்களில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களும் குடியிருப்புச் சங்கத்துப் பொறுப்பாளர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்தில், மழை படாத உயரத்தில், 15 ஆம்பியர் பிளக் ஒன்று, நல்ல எர்த்திங், ஒரு எம்சிபி, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனியாக ஒரு துணை மீட்டர் வைத்துக் கொடுங்கள். ஒரு மாத வாடகைகூட ஆகாது. ஓடின யூனிட்டுக்குக் காசை வாங்கிக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் வாங்காதீர்கள். அடுத்த மாதம் குடிவர வருகிறவர், தண்ணீர் வருமா என்று கேட்டுவிட்டு இதையும் கேட்பார்.